தாபிருக்கு இரண்டு இடப்பக்கங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
18 ஜனவரி 2026

பொருள்: ஷாமினியின் பொம்மை

சீதாலெட்சுமிக்கு,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேறொருவரின் தொலைபேசியிலிருந்து உன்னை அழைப்பது முறையல்ல. ஆகவே அஞ்சலில் எழுதுகிறேன். மேருவில் அதே வீட்டில்தான் இருக்கிறாய் என்பது என் ஊகம். ஊகம் தவறானால் கடிதம் என்னிடமே திரும்பிவிடும். உறையின் பின்புறத்தில் முகவரியைக் குறித்துள்ளேன்.

ஷாமினிக்குத் தொண்டைச் சதை பெரிதாகி, உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படுகிறது. மார்ச் 12, வியாழக்கிழமை காலை அறுவைச் சிகிச்சை. சாதாரணமான சிகிச்சைதான் என்று மருத்துவர் சொல்கிறார். என் மகளை அவர் இன்னும் சரியாக அறியவில்லை. அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு உன் மூலமாக, தாபிர் என்ற காட்டு விலங்கின் வடிவில் ஒரு பொம்மை வந்தது நினைவிருக்கும்: முன்னும் பின்னும் கறுப்பு, நடுவே வெள்ளை, குட்டித் தும்பிக்கை போன்ற மூக்கு, செயற்கைத் தோலில் கையால் தைத்தது. ஏழு வயதாகியும் அது கையில் இல்லாமல் அவள் பல் மருத்துவரின் நாற்காலியில்கூட ஏறுவதில்லை. சென்ற ஆகஸ்டில் ஓர் ஊசி போட நான்கு பேர் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று பொம்மையைக் காரில் மறந்து விட்டிருந்தோம்.

இப்போது அந்தப் பொம்மையின் தோல் உரிகிறது. கறுப்புச் செதில்கள் தலையணையிலும் அவள் வாயோரத்திலும் கிடக்கின்றன. முன்பரிசோதனைக்குப் போனபோது ரோகிணி என்ற தாதி அதைக் கையுறையோடு தூக்கிப் பார்த்தார். "இத உள்ள விட முடியாது லா, அங்கிள். தொட்டாலே உதிருது. துணி பொம்மையும் கூடாது. துடைக்கிற மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க, மயக்கம் கொடுக்கிற வரைக்கும் பாப்பா கையிலயே வச்சிருக்கலாம்" என்றார். விதி நியாயமானது, நான் வாதிடவில்லை.

பங்சாரில் ஒரு கடையில் ரோமத் துணியில் தாபிர் கிடைத்தது. மருத்துவமனைக்கு ஆகாது, பழக்கத்துக்காவது ஆகட்டும் என்று வாங்கினேன். ஷாமினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாருப்பா?" என்று கேட்டுவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அதே அளவில், அதே அமைப்பில், செயற்கைத் தோலில் இன்னொன்று தைத்துத் தர உன்னால் இயலுமா? இயலாதெனில் மாதிரித் தாளையாவது அனுப்ப முடியுமா? மற்ற விஷயங்களை இக்கடிதத்தில் கலக்க விரும்பவில்லை.

உன் அண்ணன்,
சுகுமாறன்


மேரு, கிள்ளான்
25 ஜனவரி 2026

அண்ணே,

கடிதம் கிடைச்சது. வீடு மாறல. தங்கச்சிக்கு எழுதுற கடிதத்துக்கு மேல 'பொருள்'னு ஒரு வரி எதுக்கு? லிஃப்ட் இன்ஸ்பெக்டர் சார், நீங்க பரிசோதிக்கப் போற லிஃப்டா நான்?

உங்க நம்பரத் திறக்கப் போறதில்ல. கடிதமே எழுதுங்க. கடிதம் எழுதுறதுல நீங்க கெட்டிக்காரர். ஒரே கடிதத்துல அழகிரிய ஊருக்கு அனுப்பி வச்சவராச்சே.

மத்த விஷயத்தக் கலக்க விரும்பலன்னா எப்படி? 'உன் மூலமாக வந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. அந்தத் தாபிரத் தச்சது அழகிரி. மன்னார்குடியிலேர்ந்து இந்த நாட்டுக்கு வேலை பெர்மிட்டுல வந்து எங்க கம்பெனியில சோபா தச்சவர், நான் கட்டிக்க இருந்தவர். அவரே உங்க வீட்டுக்கு வந்து பிள்ள கையில கொடுத்தார். நீங்க அன்னிக்கு அவருக்குக் கை கொடுத்தீங்க. பேர எழுதக் கூசுதுன்னா நான் எழுதிக்கிறேன்.

நான் தச்சுத் தர மாட்டேன். பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டுப் பெருநாள். ஊரே பழைய சோபாவத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு கேக்குது. ஞாயித்துக்கிழமையும் வேலை. "சீதா, பெருநாள் முடியிற வரைக்கும் செத்தாலும் லீவு எழுதிக் கொடுத்துட்டுத்தான் சாவணும்"ங்கிறார் எங்களுக்கு வேலை பிரிச்சுக் கொடுக்கிற பக்கிரிசாமி மண்டோர். ஆனா காரணம் அது இல்ல. நேரம் இருந்தாலும் தைக்க மாட்டேன். நீங்க தைங்க.

இதோட அழகிரி வரைஞ்ச பேட்டர்ன் இருக்கு. பழுப்புத் தாள், அவர் கையெழுத்து. வேலை முடிஞ்சதும் அது எனக்குத் திரும்பி வரணும். கறுப்பு, வெள்ளை வெட்டு மிச்சமும் வச்சிருக்கேன். பழசு பி.யூ.ங்கிற ரகத் தோல்; நம்ம ஊரு ஈரத்துக்கு ஆறேழு வருஷத்துல உரியத்தான் செய்யும், எல்லார் வீட்டு சோபாவும் அப்படித்தான் கிடக்கு. இது பி.வி.சி. கொஞ்சம் முரடு, உரியாது.

குண்டூசி குத்தாதீங்க. துணியில குத்துன ஓட்டை கசக்கினா மூடிக்கும், இதுல குத்துனது குத்துனதுதான். கிளிப் போட்டுப் பிடிங்க. அயர்ன் பாக்ஸ் பக்கத்துல வராம பாத்துக்குங்க, உருகிடும். ஓரத்துலேர்ந்து நாலு மில்லி உள்ள தள்ளி முள்கரண்டியால அழுத்தினா வரிசையா அச்சு விழும். ஒவ்வொரு அச்சுலயும் குத்தூசியால ஓட்டை. நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி கோத்துக்குங்க. ஒரே ஓட்டையில இந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு, அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு. உள்ள வெளியன்னு திருப்ப வேண்டாம், தையல் வெளியிலயே தெரியட்டும். கண்ணுக்குப் பட்டன் கூடாது, பிள்ள பிச்சு முழுங்கிடும், நூல்லயே போடுங்க. வயித்துல நாலு விரல் இடம் விட்டு நிறுத்திட்டு எனக்கு எழுதுங்க. அத மூடுறது தனி வேலை.

சீதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
4 பிப்ரவரி 2026

சீதாவுக்கு,

பொருள் வரியை நீக்கியுள்ளேன்.

தாளும் துண்டுகளும் சேதமின்றி வந்தன. தைப்பூச விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். குத்தூசி வாங்கிய இரும்புக் கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். பொம்மை தைக்க என்றேன். அவர் என்னையும் என் சட்டைப் பையில் இருந்த மூன்று பேனாக்களையும் பார்த்துவிட்டு, "பாஸ், யூடியூப் பாத்துட்டுத் தைங்க, கையக் குத்திக்காதீங்க" என்றார். இதுவரை இருமுறை குத்திக்கொண்டேன். எங்கள் வீட்டு முள்கரண்டியின் பற்களுக்கு இடையே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. அது ஏற்புடையதா என்பதைத் தெரிவி.

ஒரு சிக்கல் உள்ளது. தலை, நடு, பின் என்ற மூன்று துண்டுகளிலும் 'இரண்டு வெட்டவும்' என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் தாளில் கண்டபடியே வைத்து வரைந்து, இரண்டிரண்டாக வெட்டினேன். அரை மில்லிமீட்டர் பிசகில்லை. எனினும் உடலாகப் பொருத்தினால் ஒரு பக்கம் மட்டுமே பளபளப்பாக வருகிறது. மறுபக்கத்தில் துணியாலான அடிப்புறம் வெளியே தெரிகிறது. ஒன்பது விதமாக வைத்துப் பார்த்துவிட்டேன். ஷாமினி இரண்டு தலைகளையும் மேசைமேல் பரப்பிவிட்டு, "ரெண்டு பேரும் கியூவுல நிக்கிறாங்கப்பா" என்று சொல்லிச் சிரிக்கிறாள். தாளிலேயே பிழை இருக்கக்கூடுமோ?

நீ எழுதிய மற்றொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அழகிரியைப் பற்றி நான் புகார் எழுதவில்லை. வேலை அனுமதியில் இருப்பவர் இங்கே திருமணப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்ற கேள்வியை மட்டுமே உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். விசாரணைப் படிவம் அவர் பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் கேட்டது, நிரப்பினேன். அனுமதியின் நிபந்தனைப்படி இயலாது என்று பதில் வந்தது. அந்த விதியை இயற்றியவன் நானல்ல. 2019-இலும் இதையே சொன்னேன்.

அண்ணன்,
சுகுமாறன்


மேரு
11 பிப்ரவரி 2026

அண்ணே,

பேட்டர்ன்ல பிழை இல்ல. நீங்க ரெண்டு இடப்பக்கம் வெட்டி வச்சிருக்கீங்க. ஒண்ண வெட்டுனதும் தாளக் கவுத்துப் போட்டு மத்தத வெட்டணும், அப்பத்தான் அது வலப்பக்கம். அது தைக்கிற எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் எழுதி வைக்கிறதில்ல. உங்க மக சரியாத்தான் சொல்லியிருக்கா: ரெண்டும் ஒரே திசையப் பாத்து நிக்குது, பாவம். நீங்க ஒன்பது விதமா இல்ல, தொண்ணூறு விதமா வச்சாலும் சேராது.

கேன்டீன்ல உக்காந்து அத வாசிச்சுச் சிரிச்சுட்டேன். பக்கத்துல இருந்த புனிதா, "என்னக்கா, லவ் லெட்டரா?"ன்னா. மண்டோர்கிட்ட சொன்னேன். "உங்க அண்ணன் படிச்சவரு லா, படிச்சபடியே வெட்டிட்டாரு"ன்னார்.

அஞ்சு மில்லி பரவாயில்ல.

சிரிச்சு முடிச்சு மீதியப் படிச்சேன். படிவம் கேட்டுச்சு. ஆறு வருஷமா இந்த ஒரு வரிதான் உங்ககிட்ட. அவர் பாஸ்போர்ட் நகல நான் எதுக்கு உங்ககிட்ட கொடுத்தேன்? பதிவு பண்ண என்னென்ன தாள் வேணும்னு பாத்துச் சொல்வீங்கன்னு கொடுத்தேன். பெர்மிட்டுல கல்யாணம் கூடாதுன்னு நீங்க என்கிட்டயே சொல்லியிருந்தா, அவர் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயி, நான் அங்க போயிக் கட்டிக்கிட்டிருப்பேன். அதுக்கு வழி இருந்துச்சு. அதுக்குள்ள அந்த ஆபீஸ்லேர்ந்து கம்பெனிக்குத் தாள் வந்து, பத்து நாள்ல அவரக் கறுப்புப் புள்ளி வச்ச ஆள் மாதிரி அனுப்பிட்டாங்க. அவங்க வீட்டுல அவமானம், அப்புறம் என் பேர எடுக்கவே விடல.

சரி. படிவம் கேட்டிருந்தா உங்களால நிரப்பாம இருக்க முடியாது. சின்ன வயசுலயே நீங்க அப்படித்தான், ஸ்கூல் ஃபாரத்துல 'வேறு ஏதேனும்'னு இருந்தா அதுலயும் எதையாவது எழுதுவீங்க. வேணும்னு செய்யல, செய்ய வேண்டி வந்துச்சுன்னு நான் எனக்கே சொல்லி வச்சிருக்கேன். அந்த ஒண்ண நம்பித்தான் உங்க கடிதத்துக்குப் பதில் எழுதுறேன். இல்லன்னா கிழிச்சுப் போட்டிருப்பேன்.

வேற துண்டு அனுப்புறேன். வெள்ளை இதுதான் கடைசி. பாத்து வெட்டுங்க.

சீதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
20 பிப்ரவரி 2026

சீதாவுக்கு,

தாளைக் கவிழ்த்து வெட்டினேன். வலப்பக்கம் கிடைத்தது. மூன்று துண்டுகளையும் இணைத்து, வயிற்றுப் பட்டையையும் காதுகளையும் தைத்துவிட்டேன். இடக் காது சற்றுத் தொங்குகிறது. நீ சொன்னபடி நான்கு விரல் இடம் விட்டு நிறுத்தி, கால்களில் முதலில் பஞ்சை அடைத்திருக்கிறேன்.

இந்த வேலையின் நடுவே இன்னொன்றும் செய்தேன். தாளில் பிழை என்று அவ்வளவு உறுதியாக எழுதியது எனக்கு உறுத்தலாக இருந்தது. நான் உறுதியாகச் சொன்ன மற்றதையும் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் அனுப்பும் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும். 2019-ஆம் ஆண்டுக் கோப்பை எடுத்தேன். அந்தப் படிவத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இரண்டாம் பக்கத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் பார். நட்சத்திரக் குறியிட்ட கட்டங்களை மட்டும் கட்டாயம் நிரப்ப வேண்டும். மற்றவை விருப்பத்துக்கு உரியவை. என் பெயருக்கு நட்சத்திரம் உண்டு. என் கேள்விக்கும் உண்டு. சம்பந்தப்பட்டவரின் பெயருக்கும் கடவுச்சீட்டு எண்ணுக்கும் இல்லை. அவற்றைக் காலியாக விட்டிருந்தாலும் அதே பதில் எனக்கு வந்திருக்கும். அழகிரியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

படிவம் கேட்கவில்லை, சீதா. நானாகக் கொடுத்தேன்.

அந்தச் சிறிய எழுத்தை அன்று படித்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்திடுவதில்லை. கட்டம் காலியாக இருப்பதை என்னால் சகிக்க முடியாது என்பது காரணத்தில் பாதி. மறுபாதி, இயலாது என்ற பதில் வர வேண்டும் என்று நான் விரும்பினேன். ஐந்து ஆண்டு அனுமதியில் வந்த ஒருவரை நீ மணப்பதில் எனக்கு அன்று உடன்பாடில்லை. அதை உன்னிடம் நேராகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. விதி எனக்காகச் சொல்லட்டும் என்று விட்டேன்.

என் கடிதத்துக்கு நீ எதை நம்பிப் பதில் எழுதினாயோ அது உண்மையல்ல என்று தெரிந்தபின் உன் உதவியைப் பெறுவது சரியாகாது. வயிற்றை மூடும் முறையை நீ எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்தபடி மூடுகிறேன். இன்னும் இருபது நாட்கள் உள்ளன.

இன்னொன்றையும் மறைத்திருந்தேன். அந்தப் பொம்மைக்கு ஷாமினி வைத்திருக்கும் பெயர் மாமா. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். "மாமா எங்க? மாமாவக் காணோம், தேடுங்கப்பா" என்று அவள் கேட்க, ஆறு ஆண்டுகளாக நான் கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்துக் கொடுத்து வருகிறேன்.

சுகுமாறன்


மேரு
2 மார்ச் 2026

நகல் கிடைச்சது. மூணு தடவ வாசிச்சேன். பத்து நாளா உங்களுக்கு எழுதல, எழுதினா என்ன எழுதுவேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. இப்பவும் அதப் பத்தி எழுதல.

அழகிரிக்கு 2022-ல கல்யாணம் ஆயிடுச்சு. ஒரு பொண்ணு இருக்கு. மன்னார்குடியில சொந்தமா சோபா கடை. ஒரு வருத்தமும் இல்லன்னு ஒரு தடவ எழுதியிருந்தார். அதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

பிறந்தநாள் அன்னிக்கு அவர் அந்தப் பொம்மையப் பிள்ள முகத்துக்கிட்ட ஆட்டி, "மாமா வந்துட்டேன், மாமா வந்துட்டேன்"னு குரல் கொடுத்தார். ஒரு வயசுப் பிள்ளைக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும்? அப்புறம் யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க இல்லன்னு மட்டும் தெரியுது.

வயித்த மூட: பஞ்ச இன்னும் அடைங்க, இதுக்கு மேல போகாதுன்னு தோணுற வரைக்கும். ரெண்டு ஓரத்தையும் கிளிப்பால இழுத்துப் பிடிச்சு, பத்து நிமிஷம் ஹேர் டிரையர் காத்துல காட்டுங்க, இளகிக் கொடுக்கும். தூரமா வச்சுக் காட்டணும். நடுவுலேர்ந்து தைக்காதீங்க, ஒரு முனையிலேர்ந்து போங்க. ஒவ்வொரு தையலுக்கும் நூல இறுக்கணும், கடைசியில மொத்தமா இறுக்கலாம்னு நெனச்சா ஓட்டை கிழிஞ்சிடும். முடிஞ்சதும் மூணு தையல் பின்னாலேயே திரும்பி வந்து நூல வெட்டுங்க. முடிச்சு வேண்டாம், பிள்ள கை அதத்தான் தேடிப் பிடிச்சுப் பிரிக்கும்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டுன்னு நீங்க எழுதல.

சீதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
15 மார்ச் 2026

சீதாவுக்கு,

சென்ற வாரம் வார்டு எண்ணையும் பார்வையாளர் நேரத்தையும் ஓர் அஞ்சலட்டையில் அனுப்பியிருந்தேன். மறுமொழி வரவில்லை, எதிர்பார்த்ததுமில்லை.

சிகிச்சை நாற்பது நிமிடங்களில் முடிந்தது. நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஐஸ்கிரீம் மட்டும் இறங்குகிறது. சிகிச்சையன்று காலை ஏழரை மணிக்குத் தாதி ரோகிணி கிருமிநாசினியில் நனைத்த துணியால் பொம்மையை மூக்கு முதல் வால் வரை துடைத்தார். எதுவும் உதிரவில்லை. "இவர் பேரு என்ன?" என்று கேட்டார். "மாமா. புது மாமா இல்ல, அதே மாமாதான். சட்டை மாத்தியிருக்கார்" என்றாள் ஷாமினி. சிகிச்சை அறையின் கதவு வரை ஒருமுறைகூட அழாமல் போனாள். அழுதது உன் அண்ணி மலர்தான், பிள்ளைக்குத் தெரியாமல் தூணுக்குப் பின்னால் போய் அழுதாள். நான் மின்தூக்கியில் ஒட்டியிருந்த ஆய்வுச் சான்றிதழின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பிற்பகல் நானும் மலரும் சாப்பிடக் கீழே போய் அரை மணி நேரத்தில் திரும்பினோம். பொம்மையின் இடக் காது தொங்காமல் நிமிர்ந்து நின்றது. என் தையலில் ஓர் அங்குலத்துக்கு ஐந்து. அந்தக் காதில் இப்போது ஏழு. தொண்டை வலியோடு ஷாமினி எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு ஆன்டி வந்தாங்க. பையில ஊசி வச்சிருந்தாங்க. 'யாரு இத இவ்வளவு கேவலமாத் தச்சது?'ன்னு கேட்டாங்க. அப்பான்னேன். சிரிச்சாங்க, அப்புறம் மூக்கத் தொடச்சிக்கிட்டாங்க. நான் தூங்கிட்டேன்."

அந்த ஆன்டி அவளுடைய அத்தை என்பதை நான் சொல்லவில்லை. அதை நீயே சொல்ல வேண்டும்.

மாதிரித் தாளைப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன். மடிப்பில் கிழியாமலிருக்க அட்டைக்கு இடையே வைத்துள்ளேன். பழைய பொம்மையையும் எறியவில்லை. மூடிய பெட்டியில் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அழகிரிக்கு நான் எழுத வேண்டும். அவருடைய இழப்பை என் கடிதம் ஈடு செய்யாது என்று அறிவேன். பதில் எழுதும்படியும் கேட்க மாட்டேன். யார் செய்தது என்பதைச் செய்தவன் வாயிலாகவே அவர் அறிய வேண்டும். முகவரி உன்னிடம் இருக்கும். தர விருப்பமில்லையெனில் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

அண்ணன்,
சுகுமாறன்


மேரு
24 மார்ச் 2026

அண்ணே,

பேட்டர்ன் வந்துச்சு. 'இரண்டு வெட்டவும்'க்குப் பக்கத்துல பென்சில்ல 'ஒன்றைக் கவிழ்த்து'ன்னு எழுதியிருக்கீங்க. உங்கள யாரு எழுதச் சொன்னா? ரப்பர எடுத்தேன். அப்புறம் வச்சுட்டேன். இருக்கட்டும்.

நம்பர இன்னும் திறக்கல. ஏப்ரல்ல ஷாமினி பிறந்தநாளுக்கு வரேன். உங்களப் பாக்க இல்ல. மலர் அண்ணிகிட்ட சொல்லி வைங்க. வலக் காதும் சரியில்ல, அத நேர்ல பாத்துக்கிறேன்.

அவருக்கு எழுதுங்க. சுருக்கமா எழுதுங்க. விதிய உள்ள கொண்டு வராதீங்க. முகவரி கீழ இருக்கு. எத நிரப்பணும், எத விடணும்னு இந்தத் தடவ உங்களுக்குக் குழப்பம் வரக் கூடாதுன்னு நானே நட்சத்திரக் குறி போட்டுட்டேன்.

சீதா

* அழகிரி முத்தையன்
சோபா தையலகம், கீழத் தெரு
மன்னார்குடி